வரைபடத்தில் இல்லாத வால்வு

ஜனவரி 6, திங்கள்

இங்கே வந்து இன்றோடு ஐந்து மாதம். வகுப்பறைப் பாடம் முடிந்து, களப் பயிற்சி தொடங்கியது. தலைக்கவசம், காதடைப்பான், குதிகாலைக் கடிக்கும் பாதுகாப்பு ஷூ, சட்டைப் பையில் குத்திக்கொள்ளக் கதிர்வீச்சு அளக்கும் பட்டை. இவற்றோடு ஒரு செக்லிஸ்டும் கொடுத்தார்கள். அதில் நூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு பம்ப்போ, ஒரு குழாய்த் தொடரோ. குழாயின் பின்னாலேயே கடைசிவரை நடக்க வேண்டும், வெள்ளைத் தாளில் அதை வரைய வேண்டும், பிறகு அங்கே வேலை செய்யும் ஆபரேட்டரிடம் ஒப்பிக்க வேண்டும். அவருக்குத் திருப்தியானால் அந்த வரிக்கு ஒரு கையெழுத்துப் போடுவார்.

பயிற்சிக்கு வந்த பதினான்கு பேரில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். நான் பிரம்மசக்தி, உடன்குடி. இன்னொருத்தி ஜெனோவா, குளச்சல். அணுமின் நிலையத்தின் விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஏப்ரலில் கட்டுப்பாட்டு அறைப் பயிற்சிக்கு எங்கள் குழுவிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்காகத்தான் இரண்டு ரயில் மாறி வடக்கே இந்த ஊருக்கு வந்தேன். அவளும் அதற்குத்தான் வந்திருக்கிறாள், வாயைத் திறந்து சொல்ல மாட்டாள்.

எனக்குப் பொறாமை கிடையாது. முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

ஜனவரி 9, வியாழன்

ஜெனோவாவுக்கு ஏழு கையெழுத்து. எனக்கு நான்கு.

அவள் வரைந்த படத்தைப் பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. நான் அளவுகோல் வைத்து வரைகிறேன். இருந்தும் அவளுக்கு ஏழு! காரணம் இந்தி. வந்த இரண்டாம் மாதமே கேன்டீன்காரரின் மகளுக்குக் கல்யாணம் எந்தத் தேதி என்பதுவரை அவளுக்குத் தெரியும். ஆபரேட்டர்கள் அவளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். என்னைக் கண்டால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அம்மா சொல்வாள். சரிதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலையில் வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் குளிரில் குளிப்பதே ஒரு சாதனை. அதற்குள் ஜெனோவா ரைஸ் குக்கரில் பொங்கல் வைத்துவிட்டாள். வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், எனக்காக வைத்திருக்கிறாள். முந்திரிகூடப் போட்டிருந்தாள்.

நன்றாகத்தான் இருந்தது. நான் வைத்திருந்தால் அடி பிடித்திருக்கும்.

அம்மா போன் பண்ணினாள். "ஒடம்புல வெளிச்சம் கிளிச்சம் தெரியுதாட்டி?" என்று வழக்கமான கேள்வி. இல்லை என்றேன். அடுத்து, "அந்த ஜெனோவா பிள்ள நல்லா இருக்காளா? என்ன கெட்டிக்காரத்தனம்! போன்ல என்ன பேச்சு பேசுதா! அவளப் பாத்து நீயும் நாலு பேருட்ட சிரிச்சுப் பேசு."

என்னைப் பெற்றவளையும் கைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஜனவரி 22, புதன்

கோஸ்வாமி சார் எங்கள் பயிற்சிப் பொறுப்பாளர். இறுதித் தேர்வு எடுப்பவரும் அவர்தான். அவருடைய தேர்வு காகிதத்தில் கிடையாது. மூன்று மணி நேரம் நிலையத்துக்குள் கூடவே நடப்பார். எதையாவது கைகாட்டி, "இது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?" என்பார். எல்லாம் முடிந்து திரும்பும்போது எல்லோரிடமும் ஒரே கடைசிக் கேள்வியைக் கேட்பாராம்: "எனக்குத் தெரியாத ஒன்றைக் காட்டு."

முப்பது வருடமாக இங்கேயே இருப்பவருக்குத் தெரியாத ஒன்றை எங்கே போய்த் தேடுவது? போன வருடம் ஒருவன் குழாயிடுக்கில் புறாக்கூடு ஒன்றைக் காட்டினானாம். அவனுக்குத்தான் நாற்காலி கிடைத்ததாம். கேன்டீனில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். ஜெனோவாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

கையெழுத்து: அவள் 52, நான் 47. சாக்ஸ் துவைத்தேன், காயவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

டர்பைன் கட்டடத்தின் அடித்தளம். கொதிக்கும் வெந்நீர் போகும் குழாய் ஒன்று தூண்களுக்குப் பின்னால் செல்கிறது. அதன் மேல் வெப்பம் போகாமல் இருக்கக் கனமான பஞ்சுறை சுற்றியிருக்கும். பெரிய வால்வுக்குப் பக்கத்தில் உறை கொஞ்சம் கலைந்திருந்தது. முட்டி போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கட்டை விரல் பருமனில் ஒரு சிறு குழாய். பெரிய வால்வுக்கு முன்னால் பிரிந்து, அதைச் சுற்றிக்கொண்டு போய், பின்னால் சேர்கிறது. ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு போடுவார்களே, அந்த மாதிரி. நடுவில் கைப்பிடி துருப்பிடித்த ஒரு சின்ன வால்வு. மூடியிருந்தது. எண் இல்லை. வரைபடத்தை மூன்று தடவை பார்த்தேன். அதில் அப்படியொரு குழாயே இல்லை.

கோஸ்வாமிக்குத் தெரியாத ஒன்று.

கலைந்திருந்த உறையை இழுத்துச் சுற்றி, பக்கத்தில் கிடந்த கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன். எதையும் ஒழுங்காக வைப்பது நல்ல பழக்கம்தானே.

பிப்ரவரி 12, புதன்

வரைபடத்தில் இல்லாத எதைக் கண்டாலும் அன்றைக்கே மஞ்சள் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வகுப்பில் முதலில் சொன்ன விதி அது. இன்று ஒரு மஞ்சள் தாளை எடுத்தேன். முதல் கட்டத்தில் 'கண்ட நாள்' என்று இருந்தது. மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

தேர்வு மார்ச் பன்னிரண்டு. தேர்வு முடிந்த அன்றே கொடுத்துவிடலாம். இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது இன்னும் ஒரு மாதம் கிடந்தால் என்ன முழுகிப்போகும்?

பிப்ரவரி 20, வியாழன்

அவள் 81. நான் 79. நெருங்கிவிட்டேன்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஜெனோவா கேட்டாள். "மக்கா, டர்பைன் அடித்தளத்துல அந்த வெந்நீர் லைன் இருக்குல்லா, நீ வரைஞ்சாச்சா?"

"ஆமா. எப்பவோ."

"அதுல ஒண்ணும் சந்தேகம் இல்லையா ஒனக்கு?"

"அதுல என்ன இருக்கு, ஒரு குழா, ஒரு வால்வு. ஏன் கேக்க?"

"சும்மாதான். வரைபடத்துல உள்ளது அப்படியேதான் இருக்கு, இல்லியா?"

"அப்படியேதான் இருக்கு."

சொல்லிவிட்டுச் சட்டையை மறுபடி பிரித்து மடித்தேன். அவள் அந்த இடத்துக்குப் போகப் போகிறாள் என்று தோன்றியது. நல்லவேளை, உறையை இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஷிஃப்ட் வேலைகளைப் பிரித்தார்கள். அடித்தள வெந்நீர்க் குழாயில் ஓர் இணைப்பில் ஈரம் கசிகிறது, நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வளையத்தை மாற்ற வேண்டும். அதற்கு முன் அந்தத் துண்டைத் தனிமைப்படுத்த வேண்டும். அதாவது இருபுறமும் வால்வை மூடி, சங்கிலி போட்டுப் பூட்டி, சிவப்புச் சீட்டுக் கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, இனி இணைப்பைப் பிரிக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். எந்தெந்த வால்வு என்று பட்டியல் எழுதி, இடத்தை நேரில் நடந்து பார்த்து, பூட்டுகிற வேலை ஜெனோவாவுக்கு. எனக்கு மேல்தளத்தில் எண்ணெய் மட்டம் குறிக்கிற வேலை. என் செக்லிஸ்டிலும் தனிமைப்படுத்தும் வரி நிரம்பாமல் கிடக்கிறது. அதையும் அவளுக்கே கொடுத்தார்கள் என்று வயிறு எரிந்தது. முதலில் எரிந்தது அதற்காகத்தான், அதை மறைக்க மாட்டேன்.

அது எந்தக் குழாய் என்பது பிறகுதான் உறைத்தது.

ஒன்பதரைக்கு அவள் அடித்தளத்துக்குப் போனாள். மேல்தளத்தின் கம்பித் தரை வழியாகத் தெரிந்தது. பெரிய வால்வைப் பூட்டினாள். என் வால்வு இருக்கும் தூணுக்குப் பின்னால் போனாள், கொஞ்ச நேரம் நின்றாள், வெளியே வந்தாள். சீட்டுக் கட்டவில்லை. உறை நன்றாக மூடியிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதுகிறேன்.

சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு மணிக்குக் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து ராஜ்மா சாப்பிட்டோம். சொன்னால், "எப்போது பார்த்தாய்?" என்பார்கள். மூடியிருக்கும் வால்வுதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளும் அதிகம் பேசவில்லை. தயிர் வாங்கி வந்து பாதியை என் தட்டில் ஊற்றினாள்.

இரண்டேகாலுக்கு, கேஸ்கட் மாற்ற வந்த பிட்டர் இணைப்பின் நான்காவது போல்ட்டைத் தளர்த்தியபோது வெந்நீர் பீய்ச்சி அடித்தது. சத்தம் மேல்தளம்வரை கேட்டது. நான் ஓடி இறங்குவதற்குள் ஒரே ஆவி. ஜெனோவா பிட்டரின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள், அவளுக்கு இடது மணிக்கட்டில் கொப்புளம். பிட்டருக்கு இரண்டு கையிலும் தொடையிலும். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

ஜெனோவா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

மார்ச் 5, புதன்

கோஸ்வாமி சார் உறையைப் பிரிக்கச் சொன்னார். பைபாஸ் வெளியே வந்தது. அதிலிருந்த சின்ன வால்வு மூடியிருந்தும் உள்ளே பழுதடைந்து கசிந்திருக்கிறது. வடிகுழாய் துருவால் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வருவது நின்றிருக்கிறது. குழாய் காலி என்று ஜெனோவா எடுத்துக்கொண்டாள். மதியம்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது.

அவளுடைய தேர்வை நிறுத்திவைத்துவிட்டார்கள். இடத்தை நடந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள் என்று பேச்சு. எங்கள் வேலையில் இதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று என் மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. சந்தோஷமாகத்தான் சொன்னது.

மார்ச் 6, வியாழன்

அறையில் உட்கார இடமில்லை. ஆரஞ்சு, பிஸ்கட், ஆபரேட்டர் ஒருவரின் மனைவி கொடுத்துவிட்ட அல்வா. வருகிறவர்கள் எல்லோரும் அவள் மணிக்கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். தப்புச் செய்தவளுக்கு இவ்வளவு உபசாரம்! கட்டுப் போட்ட கையோடு அவள் அழகாகக்கூடத் தெரிகிறாள். நான் வெந்து கிடந்தால் யார் வந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அதைக்கூட அவளுடன்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கையெழுத்து: நான் 104. அவள் 109, செல்லாது.

மார்ச் 8, சனி

குழுவில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். "நாற்காலி உனக்குத்தான்" என்றான் ராத்தோர். நான் விரும்பிய வார்த்தை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை தனியாகச் சொல்லிப் பார்த்தேன். ருசிக்கவில்லை. அவள் ஓடாத பந்தயத்தில் முதலாவதாக வந்தால் ஊரில்கூடச் சொல்ல முடியாது.

இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. சாப்பாடு இறங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் சொல்லிவிட்டேன்.

ஜெனோவா கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஏட்டி, அந்த பைபாஸ நான் முன்னாலயே பாத்துட்டேன். கோஸ்வாமிகிட்ட காட்டணும்னு மறைச்சு வச்சேன். ஒறைய இழுத்துக் கெட்டுனதும் நாந்தான்."

அவள் உரிப்பதை நிறுத்தினாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"எந்தத் தேதி?" என்றாள்.

"பிப்ரவரி பதினொண்ணு."

"நான் ஜனவரி இருவத்தெட்டு."

எனக்கு விளங்கவில்லை.

"நானும் பாத்தேன் மக்கா. அதே கோஸ்வாமிக்காவத்தான். நீ பாத்துட்டியோன்னுதான் அன்னைக்கு ஒங்கிட்ட கேட்டேன். அப்படியேதான் இருக்குன்ன. எனக்கு நிம்மதியாயிட்டு."

"பொறவு எதுக்குட்டி அதப் பூட்டல? ஒனக்குத் தெரியும்லா! தெரிஞ்சே விட்டியா?"

"லிஸ்டுல எழுதுனா அன்னைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிரும். தேர்வுக்கு எட்டு நாளுதான் இருந்து. ஒறை இடுக்குல கைய விட்டுத் திருப்பிப் பாத்தேன், இறுக்கமா மூடித்தான் கெடந்து. மூடுன வால்வுக்கு எதுக்குப் பூட்டுன்னு எனக்க மனசுக்கே சொல்லிக்கிட்டேன்."

"ஒனக்கு எதுக்குட்டி இதெல்லாம்? ஒனக்குத்தான் எல்லாரும் ஓடி ஓடிக் கையெழுத்துப் போடுதாவளே."

"போடுவாவ. சிரிச்சுப் பேசுனா போடுவாவ." ஆரஞ்சைத் தட்டில் வைத்தாள். "ஒரு நாள் கோஸ்வாமி ஒனக்க படத்த எடுத்து எல்லாருக்கும் காட்டுனாரு. நீ அன்னைக்கு லீவு. இந்தப் பொண்ணு வரைஞ்சா ஒரு போல்ட்டுகூடத் தப்பாதுன்னாரு. நான் இப்பம்வரை ஒங்கிட்ட அதச் சொல்லல. சொன்னா நீ சந்தோசப்படுவேன்னு சொல்லல."

பாவி. ஏழு மாதமாக நான் யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ, அவள் என்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. அடுத்த நிமிடம், இவள் எனக்குப் பதினான்கு நாள் முன்னாலேயே பார்த்துவிட்டாளே என்று வலித்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

பெட்டிக்கு அடியிலிருந்த மஞ்சள் தாளை எடுத்தேன். அவளும் தன் பைபிளுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள்.

மார்ச் 10, திங்கள்

காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் கோஸ்வாமி சார் அறைக்குப் போனோம். இரண்டு தாள்களையும் மேஜையில் வைத்தோம். கண்ட நாள்: ஜனவரி 28. கண்ட நாள்: பிப்ரவரி 11. கொடுத்த நாள் இரண்டிலும் ஒன்று.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கத்தவில்லை. இந்த வருடம் நாற்காலி உங்கள் இருவருக்கும் இல்லை, இங்கே தொடர்ந்து இருப்பீர்களா என்பதை மேலே முடிவு செய்வார்கள் என்றார். தன்னுடைய கடைசிக் கேள்வியை இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

பிறகு விபத்து அறிக்கையை எடுத்து எங்கள் முன் தள்ளினார். அதில் எங்கள் வாக்குமூலத்தையும் சேர்க்க வேண்டும், எங்கள் கையாலேயே எழுத வேண்டும். ஜெனோவா பேனாவை எடுத்தாள். வாக்குமூலத் தாளின் முதல் வரி: காயம்பட்டவர் பெயர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இந்த நிலையத்தில் எழுநூறு வால்வுகளின் எண்ணை இரண்டு பேரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

கோஸ்வாமி சார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார்.

அறைக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். எத்தனை பக்கம் இருந்தாலும் எல்லாம் ஜெனோவா, ஜெனோவா. அந்த மனிதர் வெறும் பிட்டர்.

மார்ச் 11, செவ்வாய்

மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் தெரியாமல் வரவேற்பில் கேட்க முடியவில்லை. வெந்நீர்க் காயம் என்று சொல்லி, படுக்கை படுக்கையாகப் பார்த்துக்கொண்டே போனோம். கடைசிக்கு முந்தின படுக்கை.

இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு. ஐம்பது வயதிருக்கும். அவருடைய மனைவி ஸ்பூனால் கிச்சடி ஊட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பிட்டர் எழுந்திருக்கப் பார்த்தார், மனைவி தோளைப் பிடித்து அமர்த்தினார். ஜெனோவாதான் இந்தியில் பெயரைக் கேட்டாள். பைரோன்லால் என்றார். இருபத்தாறு வருடமாக பிட்டர் வேலை.

அதற்குப் பிறகு அவர் எங்களிடம் ஒன்று கேட்டார். அது எனக்கே புரிந்துவிட்டது. மெதுவாகத்தான் பேசினார். ஒரு வாரமாகப் படுத்தபடி யோசித்துக்கொண்டே இருக்கிறாராம். நீங்கள் இரண்டு பேரும் படித்த பெண்கள், நீங்கள் சொல்லுங்கள், நான்காவது போல்ட்டுக்கு முன்னால் ஐந்தாவதைத் தளர்த்தியிருக்க வேண்டுமா, எங்கே தப்பு செய்தேன் என்று பிடிபடவில்லை என்றார். அவர் மனைவி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்.

இத்தனை மாதத்தில் எங்கள் இருவரில் முந்திக்கொள்ள ஒருத்தியும் தயாராக இல்லாத நேரம் அதுதான்.

எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் நான்தான் ஆரம்பித்தேன். உங்கள் மேல் தப்பு இல்லை, அங்கே இன்னொரு வால்வு இருப்பது எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும் என்றேன்.